‘பெர்மனென்ட்லி’: பொருள் அறிந்து பிழையின்றிப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேற்குப் பக்கத்து வாசலை மூடிவிடுவது என்று சங்கத்தில் முடிவானது. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் அறிவிப்பைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கில வாசகம் ஒரே வரிதான்: ‘வெஸ்ட் கேட் வில் பி பெர்மனென்ட்லி க்ளோஸ்டு’. இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘மேற்கு வாசல் நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும்.’ அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்று மாலையே காவலாளி என்னை நிறுத்தினார்.

“சார், ஒரு சந்தேகம். எந்நேரமும் சாத்தியே இருக்கும், யாராவது வந்து கேட்டால் திறந்துவிட வேண்டும் என்கிறீர்களா? இல்லை, இனிமேல் திறக்கவே போவதில்லை என்கிறீர்களா?”

“இரண்டும் ஒன்றுதானே அண்ணே?”

“எப்படி சார் ஒன்றாகும்? முதலாவது என்றால் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது என்றால் வெல்டிங் வைத்துவிடலாம், எனக்கும் ஒரு வேலை மிச்சம்.”

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒன்று சொன்னார், பொருளாளர் இன்னொன்று சொன்னார். முடிவெடுத்தவர்களே எதை முடிவெடுத்தோம் என்று அறியாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆங்கில வாசகம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்திருந்தது. நான் அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

சாவியா, வெல்டிங்கா என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் இந்தச் சொல்லில் பாதி தெரிந்ததுபோல. மீதிப் பாதியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: ஒலி, எழுத்து, பிறப்பு

அழுத்தம் முதல் அசையில்: பெர். மற்றவை மெலிந்து ஒலிக்கும். கடைசியில் வரும் ‘ட்’ வேகமான பேச்சில் காதில் விழுவதே இல்லை. பேசும்போது நீங்களும் அதை விழுங்கிக்கொள்ளலாம், தவறில்லை. எழுதும்போதுதான் சறுக்கல். பீ, ஈ, ஆர், எம், ஏ, என், ஈ, என், டி, எல், ஒய். நடுவில் ‘ஏ’ ஒரே ஒரு முறைதான் வரும். அடுத்த உயிரெழுத்தையும் ‘ஏ’ என்று எழுதுவது பரவலான பிழை. எத்தனையோ விண்ணப்பக் கடிதங்களில் பார்த்திருக்கிறேன்.

இலத்தீன் மொழியில் ‘பெர்’ என்றால் ஊடாக, கடைசிவரை. ‘மனேரே’ என்றால் தங்குதல், இருத்தல். கடைசிவரை தங்கியிருப்பது என்பதே வேர்ப்பொருள். மாளிகையைக் குறிக்கும் ‘மேன்ஷன்’, மீந்திருப்பதைக் குறிக்கும் ‘ரிமெய்ன்’ எல்லாம் அதே வேரிலிருந்து வந்தவைதான். தமிழில் ‘மன்னுதல்’ என்ற பழைய வினைக்கும் நிலைத்திருத்தல் என்றே பொருள். ‘மனேரே’, ‘மன்னு’ என்று அருகருகே எழுதிப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது. சிரித்துவிட்டு நகர்வோம்.

நாம் வழக்கமாக எடுத்து ஒட்டும் ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் கதை வேறு. வடமொழியில் ‘அந்தரம்’ என்றால் இடைவெளி. ‘நிர்’ சேர்ந்தால் இடைவெளி இல்லாதது. அதாவது, விட்டுவிட்டு வராமல் தொடர்ச்சியாக இருப்பது. என் அறிவிப்பு ஏன் காவலாளியைக் குழப்பியது என்பது இங்கே விளங்கும். ‘நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும்’ என்றால் இடைவிடாமல் மூடியே இருக்கும் என்றும் கொள்ளலாம். அந்தச் சொல் ஒரு நிலையைச் சொல்கிறது. நடந்த மாற்றம் இனித் திரும்பாது என்பதை அது தன் பலத்தில் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் வினைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: நிலையா, மாற்றமா?

ஆங்கில வாக்கியத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் இரண்டு தமிழ்ச் சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ஒன்று ‘எந்நேரமும்’. மற்றொன்று ‘இனி’.

‘ஹீ இஸ் பெர்மனென்ட்லி டயர்டு’ என்று ஒருவர் தன் நண்பரைப் பற்றிச் சொல்கிறார். நண்பர் சாகும்வரை களைத்தே கிடப்பார் என்பது இதன் பொருளன்று. எப்போது பார்த்தாலும் சோர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வது. பிரிட்டிஷ் பேச்சில் சாதாரணமாகக் கேட்கலாம். இங்கே ‘எந்நேரமும்’ பொருந்துகிறது, ‘இனி’ பொருந்தவில்லை. ‘தி ஃபேக்டரி ஹேஸ் க்ளோஸ்டு பெர்மனென்ட்லி’ என்றால் ‘இனி’ பொருந்தும்: ஆலை மூடப்பட்டுவிட்டது, இனித் திறக்காது. மேற்கு வாசல் வாக்கியத்தில் இரண்டும் பொருந்துகின்றன. இரண்டும் பொருந்தினால் எழுதியவரிடம் போய்க் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். நான் ஊகித்தேன்.

மூன்றாவது ஒரு நிழலும் உண்டு. ‘பெர்மனென்ட் அக்கவுன்ட் நம்பர்’ என்ற பத்து இலக்க வருமான வரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறினாலும் ஊர் மாறினாலும் எண் மாறாது என்பதே அங்கே ‘பெர்மனென்ட்’. மற்றவை மாறும்போதும் இது மாறாது என்று ஒப்பிட்டுச் சொல்வது. வேலை ‘பெர்மனென்ட்’ ஆகிவிட்டது என்று இனிப்பு கொடுக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். தமிழ்நாட்டு அரசுப் பணி என்றால் அந்த நிரந்தரத்துக்கு 60 வயது எல்லை.

மூன்றாம் படி: வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது?

நம்மவர்கள் ஆங்கிலத்தில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ‘பெர்மனென்ட்லி ஐ ஆம் ஸ்டேயிங் இன் சேலம்’ என்ற வாக்கியத்தை நேர்முகத் தேர்வுகளில் கேட்டிருக்கிறேன். இதில் ஒன்றல்ல, மூன்று பிழைகள்.

முதலாவது இடம். தமிழில் ‘நிரந்தரமாக’ என்று வாக்கியத்தைத் தொடங்கினாலும் காது ஏற்கும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முன்வரிசையில் உட்காராது. முதன்மை வினைக்கு முன்னால் வரும், அல்லது செயப்படுபொருளுக்கும் இடத்துக்கும் பின்னால் வரும். ‘ஷீ மூவ்டு டு மதுரை பெர்மனென்ட்லி’. ‘தி ரோடு ஹேஸ் பீன் பெர்மனென்ட்லி க்ளோஸ்டு’. இந்த இரண்டு இருக்கைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது பிழை ‘ஸ்டே’. அது விருந்தாளியாகத் தங்குவதற்கும் விடுதியில் தங்குவதற்கும் உரிய வினை. நிரந்தரமாகத் தங்குதல் என்று அங்கே சொன்னால் விடுதியிலேயே குடியேறியவர்போல ஒலிக்கும். இந்தியா, இலங்கை ஆங்கிலத்தில் ‘எங்கே ஸ்டே பண்ணுகிறீர்கள்’ என்பது பழகிவிட்டது. நம்மவர்களுக்குள் பேசும்போது பாதகமில்லை.

மூன்றாவதுதான் நுட்பமானது. ‘ஐ ஆம் லிவிங்’ என்ற தொடர்வினை இப்போதைக்கு என்ற வாசனையைத் தானே சுமந்து வருகிறது. ‘ஐ லிவ்’ என்ற எளிய நிகழ்காலம் நிலையான வாழ்வைக் குறிக்கிறது. ஆகவே ‘ஐ லிவ் இன் சேலம்’ என்றாலே நிரந்தரம் உள்ளே வந்துவிட்டது. தொடர்வினையைப் போட்டுத் தற்காலிகம் என்று சொல்லி, அதே மூச்சில் நிரந்தரம் என்றும் சொன்னால் கேட்பவர் எதை நம்புவார்?

எதிர்மறையில் கூடுதல் கவனம் தேவை. ‘ஹீ வாஸ் நாட் பெர்மனென்ட்லி இன்ஜர்டு’ என்ற வாக்கியத்தில் அடி பட்டிருக்கிறது. ‘நாட்’ மறுப்பது அடியை அன்று, அதன் நிலைப்பை. இதை ‘அவருக்கு நிரந்தரமாகக் காயம் ஏற்படவில்லை’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார். ‘காயம் பட்டது, ஆனால் ஆறிவிடும்’ என்பது தமிழ். பந்தய வீரர்களைப் பற்றிய செய்திகளை அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் ஆளையே முடமாக்கிவிடுவதும் உண்டு, அடியே படவில்லை என்று ஆக்கிவிடுவதும் உண்டு.

நான்காம் படி: எந்த வினையோடு சேரும்?

மாற்றத்தைச் சொல்லும்போது, திருப்பிச் செய்ய வழியுள்ள வினைகளோடு மட்டும் சேரும். மூடுதல், நீக்குதல், தடை செய்தல், குடிபெயர்தல், சேதப்படுத்துதல், இழத்தல். மூடியதைத் திறக்கலாம், போனவர் திரும்பலாம். அந்த வாய்ப்பை அடைப்பதுதான் இந்தச் சொல்லின் வேலை. வாய்ப்பே இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. ‘பெர்மனென்ட்லி டெட்’ என்று வேடிக்கைக்குத்தான் சொல்வார்கள். இட்லியை நிரந்தரமாகச் சாப்பிட முடியாது. ‘வெரி’ என்ற அடைமொழியையும் முன்னால் சேர்க்காதீர்கள். மிகவும் நிரந்தரமாக என்பது எந்த மொழியிலும் வேடிக்கைதான்.

கணினியில் ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று கேட்கும்போது மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஷிஃப்ட் விசையோடு டெலீட் விசையை அழுத்தினால் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். வழக்கமான ஹார்டு டிஸ்க்கில் அப்போது அழிவது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புதான். உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். மீட்புக் கடைக்காரர்கள் சாப்பிடுவது இந்த இடைவெளியில்தான். உங்கள் மறுசுழற்சித் தொட்டியில் அது வராது என்ற அளவில்தான் அங்கே ‘பெர்மனென்ட்லி’.

ஐந்தாம் படி: உடன்பிறப்புகளைப் பிரித்தறிதல்

அகராதிகள் இந்தச் சொற்களையெல்லாம் ஒரே கூடையில் போட்டு ‘நிரந்தரமாக’ என்று எழுதிவிடுகின்றன. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

‘ஃபார் குட்’. தமிழ் வாசகருக்கு இது ஒரு கண்ணி. உறவினர் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து ‘ஐ ஆம் கமிங் பேக் ஃபார் குட்’ என்று எழுதியிருந்தான். அவன் அப்பா, “நல்லதுக்குத்தான் வருகிறேன் என்கிறான், ஏதோ நல்ல சேதி இருக்கிறது” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பையன் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். ‘ஃபார் குட் அண்டு ஆல்’ என்ற நீண்ட வழக்கு தேய்ந்து இப்படி ஆனது. நன்மைக்கும் இதற்கும் இன்று தொடர்பில்லை. ‘ஒரேயடியாக’ என்பதுதான் மிக நெருங்கிய தமிழ். பேச்சுக்கும் கடிதத்துக்கும் உரியது, அரசாணையில் வராது.

‘ஃபரெவர்’. உணர்ச்சி கலந்த சொல். காதல் கடிதத்தில் என்றென்றும். பஸ் நிறுத்தத்தில் ‘ஐ வெய்ட்டட் ஃபரெவர்’ என்றால் வெகுநேரம். தொடர்வினையோடு சேர்ந்தால் சலிப்பு: ‘ஹீ இஸ் ஃபரெவர் கம்ப்ளெய்னிங்’, எப்போது பார்த்தாலும் ஒரே புலம்பல். சட்டத்திலோ மருத்துவத்திலோ இதை நம்பி இறங்காதீர்கள்.

‘இன்டெலிப்ளி’. அழிக்க முடியாதபடி. நினைவு, கறை, மை ஆகியவற்றோடு வரும். தேர்தலில் நம் விரலில் வைக்கும் மைக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர்தான். மைசூரில் இருக்கும் கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ் நிறுவனம் தயாரிப்பது; 1962 பொதுத்தேர்தல் முதல் பயன்பாட்டில் இருக்கிறது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடும் நகத்தோடும் வினைபுரிந்து கறையாகிறது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, ஆனால் நகம் வளர வளரக் கறையும் மேலே ஏறி ஒருநாள் நகவெட்டியில் போய்விடும். அழியாத மை என்ற பெயர் தேர்தல் முடியும்வரை பொய்க்காது, அது போதும்.

மிச்சமிருப்பவை இரண்டு. என் தொழிலில் இவைதான் என்னைத் தூங்கவிடாதவை: ‘இர்ரிவர்சிப்ளி’, ‘இர்ரெவகப்ளி’.

முதலாவது ஒரு செயல்முறையைப் பற்றியது. எவ்வளவு முயன்றாலும் பழைய நிலைக்குத் திருப்ப இயலாது என்பது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாது. இதற்கும் ‘பெர்மனென்ட்லி’க்கும் என்ன வித்தியாசம்? இந்திய நாடாளுமன்றமே பாடம் எடுத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை வரையறுக்கும்போது, மூளைத்தண்டின் எல்லாச் செயல்களும் ‘பெர்மனென்ட்லி அண்டு இர்ரிவர்சிப்ளி’ நின்றுபோன நிலை என்கிறது. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அடுக்குமொழி என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். நானும் என் முதல் வருடங்களில் ‘நிரந்தரமாக’ என்று ஒன்றோடு முடித்திருக்கிறேன்.

முடிக்கக் கூடாது. நின்றது தானாகத் திரும்பாது என்பது ஒன்று. மருத்துவம் எதைச் செய்தாலும் திருப்ப முடியாது என்பது இன்னொன்று. ஒருவருடைய இதயம் நின்றுவிட்டது, அவரே எழுதிக் கொடுத்தபடி உயிர்ப்பிக்கும் முயற்சி எதுவும் செய்யவில்லை என்று வையுங்கள். அந்த இதயம் மீண்டும் துடிக்கப்போவதில்லை. ஆனால் முயன்றிருந்தால் துடித்திருக்கக்கூடும். துடிக்காது என்பதற்கும் துடிக்கவே முடியாது என்பதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. சட்டம் அந்தக் கதவையும் சேர்த்து அடைக்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்று தர வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். உறவினர்கள் கையெழுத்திடும் தாளில் இந்த இரண்டாவது சொல் தமிழில் விடுபட்டிருந்தால், ‘இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோ’ என்ற கேள்வி அவர்களை வீடுவரை துரத்தும். ‘நிரந்தரமாகவும் மீட்க முடியாதபடியும் நின்றுவிட்டன’ என்று இப்போது எழுதுகிறேன். அழகான வாக்கியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு சொற்களும் இருக்கின்றன.

‘இர்ரெவகப்ளி’ மனிதர்களின் முடிவுகளுக்கும் வாக்குகளுக்கும் உரியது. ‘ரெவொகாரே’ என்றால் இலத்தீனில் திரும்ப அழைத்தல். கொடுத்த சொல்லைத் திரும்ப அழைக்க முடியாதபடி என்று பொருள். உச்சரிப்பில் அழுத்தம் ‘ரெ’ மேல் விழ வேண்டும். ‘வோக்’ என்று நீட்டாதீர்கள். இதை நம்மில் பலர் ஆங்கிலத்தில் படித்ததில்லை என்றாலும் பத்திரத்தில் படித்திருப்போம். அப்பா மகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் தான செட்டில்மென்ட் பத்திரத்தில், ‘இதை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு உரிமையில்லை’ என்று ஒரு வரி வரும். பத்திர எழுத்தர்கள் அந்தக் கடினமான ஆங்கிலச் சொல்லை இருபது வருடப் பழக்கத்தில் இப்படி அவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எந்த அகராதியையும்விட எனக்கு அந்த வரி பிடிக்கும்.

ஆனால் சொல் உறுதியாக இருப்பதும் சட்டம் உறுதியாக இருப்பதும் வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனம் மாறியதால் மட்டும் தானத்தைத் திரும்பப் பெற முடியாது. அதே நேரம், 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் கைவிட்டால் அந்தக் கொடையையே செல்லாததாக்க இடம் தருகிறது. எனவே மொழிபெயர்க்கும்போது பத்திரம் சொல்வதை மட்டும் எழுதுங்கள். ‘நிரந்தரமாக’ என்று இங்கே போட்டால் பொருள் கெடும்; வீடு நிரந்தரமாக மகளிடம் இருக்கும் என்று ஆகிவிடும். மகள் அதை நாளைக்கே விற்கலாம். அப்பாதான் திரும்பக் கேட்க முடியாது.

ஆறாம் படி: தமிழில் அதை எங்கே வைப்பது?

ஆங்கிலம் முடிவுத்தன்மையைத் தனிச் சொல்லாக வெளியே தொங்கவிடும். தமிழ் அதை வினைக்குள் பொதிந்துவைக்கும். ‘கடை சாத்தியிருக்கிறது’ என்றால் நாளை வரலாம். ‘கடையை எடுத்துவிட்டார்கள்’ என்றால் வர வேண்டாம். வரைபடச் செயலியில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சிவப்பில் எழுதியிருப்பதைக் கண்டு கடைக்குச் சீல் வைத்துவிட்டார்களோ என்று என் மாமியார் பதறினார். ‘இந்தக் கடை இப்போது இல்லை’ என்று எழுதியிருந்தால் முடிந்தது.

‘விடு’ என்ற துணைவினையைக் கவனியுங்கள். போனார், போய்விட்டார். கூடவே ஒரு ஏகாரம்: ஊரைவிட்டே போய்விட்டார். ‘பெர்மனென்ட்லி’ முழுவதும் அந்த ஒற்றை ஏகாரத்தில் அடங்கிவிட்டது. இதில் மேலும் ‘நிரந்தரமாக’ சேர்ப்பது சாம்பாரில் இரண்டாம் முறை உப்புப் போடுவதைப் போன்றது. உறவை முறித்தவரைத் ‘தலைமுழுகிவிட்டான்’ என்கிறோம். சாவு வீட்டுக் குளியலை உயிரோடிருப்பவருக்காகக் குளித்துவிட்டான் என்பதைவிட நிரந்தரமாக எதைச் சொல்ல முடியும்? திட்டத்தை ‘ஏறக்கட்டிவிட்டார்கள்’ என்றால் பரணிலிருந்து அது இறங்கப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘அடியோடு’, ‘முற்றிலும்’ ஆகியவை அளவைச் சொல்பவை, காலத்தை அல்ல. ஊர் அடியோடு மாறிவிட்டது என்றால் எல்லாமே மாறிவிட்டது. மறுபடி மாறாது என்று யாரும் உறுதி தரவில்லை. இவற்றை ‘பெர்மனென்ட்லி’க்கு ஈடாகப் போடுவதை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறேன்.

கல்வெட்டுத் தமிழ் இதில் நம்மைவிட வெகுதூரம் போயிருந்தது. சோழர் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் நொந்தா விளக்கு ஒன்றுக்காக ஆடுகளைக் கொடுப்பார்கள். பல கல்வெட்டுகளில் அந்தக் கணக்கு 96. அவற்றின் பாலிலிருந்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாதவை, மூப்படையாதவை. ஆடு சாகாமல் இருக்குமா? செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையாது. எதுவரை? ‘சந்திராதித்தவல்’: சந்திரனும் சூரியனும் உள்ளவரை. எப்படி நிலைக்கும், எதுவரை நிலைக்கும் என்று இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் கல்லில் உளியை வைத்தார்கள். நாம் ‘நிரந்தரமாக’ என்று ஒற்றைச் சொல்லில் இரண்டையும் மழுப்புகிறோம்.

ஏழாம் படி: சொல் சொல்வதை முழுதாக நம்பாதிருத்தல்

துருவப் பகுதிகளில் உறைந்து கிடக்கும் நிலத்துக்குப் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்று பெயர். முதல் பாதி ‘பெர்மனென்ட்’டின் சுருக்கம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பூச்சியம் டிகிரிக்கு மேல் போகாத நிலம் என்பதுதான் அதன் அறிவியல் வரையறை. இரண்டே ஆண்டுகள்! அதில் பல பகுதிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்திருப்பது உண்மை. இப்போது உருகிக்கொண்டிருப்பதும் உண்மை.

1793இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் ‘பெர்மனென்ட் செட்டில்மென்ட்’ கொண்டுவந்தார். ஜமீன்தார் கட்ட வேண்டிய வரி என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. நம் பாடநூல்களில் நிலையான நிலவரித் திட்டம் என்று படித்தது இதுதான். பழைய நூல்களில் ‘சாசுவத’ என்று வரும். 1802இல் சென்னை மாகாணத்துக்கும் இதற்கான சட்டம் வந்து தென்பாண்டிச் சீமையின் பாளையங்கள் ஜமீன்களாயின. 1948இல் சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதை முடித்துவைத்தது. சாசுவதத்தின் ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு. வரலாற்று நூல்களை மொழிபெயர்க்கும்போது இங்கே அதைப் பெயராகவே எழுதிவிடுங்கள். ‘நிரந்தரமாக நிர்ணயித்தார்’ என்று வினையடையாக மாற்றினால் பொய் சொன்னதாகிவிடும். ‘நிரந்தரம் என்று அறிவித்து நிர்ணயித்தார்’ என்றால் சரி.

பயிற்சிக்குச் சில வாக்கியங்கள்

மருத்துவர் எழுதுகிறார்: ‘ஹீ வில் நீட் திஸ் டேப்லெட் பெர்மனென்ட்லி’. நோயாளியின் குடும்பத்துக்கு ‘நிரந்தரமாகத் தேவைப்படும்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்த மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது’ என்றால் அப்பாவுக்கும் புரியும், மாத்திரை வாங்கிவரும் மகனுக்கும் புரியும்.

வேலைக்கான கடிதத்தில் ‘ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட் பெர்மனென்ட்லி?’ என்று கேட்டால் அது குடும்பத்தோடு குடிபெயர முடியுமா என்ற கேள்வி. ஆறு மாதப் பயிற்சிக்குப் போய்வருவதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

எங்கள் மேற்கு வாசல்: ‘மேற்கு வாசல் எந்நேரமும் பூட்டியிருக்கும். ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் திறக்கப்படும்.’ பொருளாளர் கட்சி வென்றது. சாவி காவலாளியின் இடுப்பில்.

கடைசியாகக் கொஞ்சம் கடினமான ஒன்று. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் அடித்துப்போட்டது. அதே புயலில் பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. பாலத்தை ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாட்களில் சீராக்கினார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. ஒரே இரவு, இரண்டு சேதங்கள். ஆங்கிலத்தில் பாலத்துக்கு ‘டெம்பரரிலி’, தண்டவாளத்துக்கு ‘பெர்மனென்ட்லி’ என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் பாதையை மறுபடி போடும் பேச்சு அவ்வப்போது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. பேச்சு இருக்கும்வரை அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வராது. நான் எழுதுவது இப்படி: பாம்பன் பாலத்தில் 46 நாட்களில் மீண்டும் ரயில் ஓடியது, தனுஷ்கோடிக்கு இன்றுவரை ஓடவில்லை.